மலைக்கு மருந்து வந்தது, கேள்வி வரவில்லை

இந்தியா 1947-இல் விடுதலை அடைந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை 1976-இல்தான் பரம்பரை ஆட்சியாளர்களான ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டது. இடைப்பட்ட 29 ஆண்டுகளும் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பெயரளவில் நாட்டின் குடிமக்களாகவும், நடைமுறையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்களாகவும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கூலியில்லாமல் உழைத்தார்கள், அவர்களுக்கே வரியும் கட்டினார்கள். எந்த முடிவிலும் இவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

நீடித்த நோயோடு வாழும் இளம் வயதினரைச் சுகாதார முடிவுகளில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல வந்த நான் ஜாகீர் கதையிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை குடும்பத் தலைவர்களையே யாரும் கேட்காத மண் இது. அந்த மண்ணில், தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் 16 வயதுப் பெண்ணை உட்காரவைத்து, “உன் ஊர் ஆஸ்பத்திரி எப்படி நடக்க வேண்டும், சொல்லம்மா” என்று கேட்பது பெரிய தாவல்தான். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே இந்த மலை இதைவிடப் பெரிய தாவல்களைத் தாவியிருக்கிறது.

டோலி காலம்

மலையில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நோயாளியை அதில் கிடத்தி, ஒற்றையடிப் பாதையில் மாறி மாறித் தோள் கொடுத்து இறங்குவார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்திலிருந்து கச்சிராயப்பாளையம் பக்கம் இறங்கி, பிறகு கள்ளக்குறிச்சி. அங்கே முடியாது என்று கைவிரித்தால் சேலம், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. 1993 முதல் 2019 வரை மாவட்டத் தலைநகரம் விழுப்புரம். மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் இந்த டோலியைக் கட்டினார்கள். ஒரே நாளில் உயிர் போகக்கூடியவை அவை. ஆண்டுக்கணக்கில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் நோய்க்கு யார் வாராவாரம் டோலி கட்டுவார்கள்? கட்டினாலும் எத்தனை வாரம்?

முதல் வகை நீரிழிவை எடுத்துக்கொள்வோம். பிள்ளைப் பருவத்திலேயே வரும் இந்த நோய்க்கு இன்சுலின் தவிர வேறு பிழைப்பு வழி இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் உலகிலேயே முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், மின்கம்பமே எட்டிப்பார்க்காத மலையூர்களுக்கு அந்த மருந்து வந்து சேரவில்லை. ஓயாமல் தண்ணீர் கேட்டு, இளைத்து, மயங்கி இறந்த பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பேசினார்கள். வலிப்பு வந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டில் வீங்கி, கடைசியில் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலை, மூச்சு வாங்கி நடக்க முடியாமல் போகும்வரை யாரும் நோயென்று எண்ணவில்லை.

நீடித்த நோயுள்ள இளைஞர்களைக் கொள்கை வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி அன்று எழவே இல்லை. அப்படியொரு இளைஞர் கூட்டம் அன்று கிடையாது. அந்தப் பிள்ளைகள் வாலிபத்தைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

மலையடியில் ஒரு குடிசை

கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே இறந்துகொண்டிருந்தன. வெளியூரிலிருந்து நர்சுகள் வந்து தங்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், உள்ளூர்ப் பழங்குடி இளம்பெண்களையே பயிற்றுவித்தார்கள். மூத்த பெண்களை ஊர்களே தேர்ந்தெடுத்து அனுப்பின. அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். சில ஆண்டுகளில் சிசு மரணம் மளமளவென்று குறைந்தது.

அந்தக் குடிசை இன்று முழு மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. கல்வராயன் மலைக்காரர்களும் அங்கே வைத்தியத்துக்கு இறங்கிப் போகிறார்கள். அதைவிட முக்கியமானது அந்த மருத்துவர்கள் ஊராரோடு உட்கார்ந்து பேசியதில் விளைந்தது. நோய்க்கு அடியில் வறுமையும், வறுமைக்கு அடியில் நொடித்துப்போன விவசாயமும் இருப்பது அந்தப் பேச்சில்தான் தெளிவானது. மருத்துவமனையை ஒட்டியே இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கூட்டமும் வளர்ந்தன. மருத்துவர்கள் மட்டும் கூடித் திட்டம் போட்டிருந்தால் இன்னொரு கட்டடமோ இன்னொரு கருவியோ வந்திருக்கும். கேட்டதால் வந்த திட்டம் வேறாக இருந்தது.

படிக்காத மலைமக்களுக்கு மருத்துவம் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு, முப்பது ஆண்டுகளாகக் கூப்பிடு தூரத்திலேயே பதில் இருக்கிறது.

வாசலுக்கு வந்த மருந்து

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. ரோடு போன மலையூர்களில் டோலிக்கு வேலை குறைந்தது. ரோடு போகாத குக்கிராமங்களில் ரோடு வரைக்குமாவது தூக்கித்தான் வர வேண்டியிருந்தது. 2009-இல் உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கு மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2010-இல் விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி திறந்தது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரி 12-இல், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாகக் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஜிப்மருக்கு நடையாய் நடந்த குடும்பங்களுக்கு அந்த நாள் சின்ன நாள் அல்ல.

இவற்றுக்கெல்லாம் மேலாக 2021 ஆகஸ்ட் 5-இல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பைகளும் வீடு தேடி வருகின்றன. மாத்திரையைக் கொண்டுவரும் பெண் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. மனமாரச் சொல்கிறேன், அது தகுதியான விருது.

ஆனாலும் மலையின் கணக்கு தீர்ந்துவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, மாவட்டத்துக்கென்று மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் பலரைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், ரேஷன் என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. மலைமக்கள் சார்பில் நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது. அவர்களே கேட்டுப் பதில் வாங்கும் இடம் இல்லாததுதான் அதற்குக் காரணம்.

பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவே

இந்த மாற்றங்களால் நேர்ந்த பெரிய நல்லது, அன்று பிழைக்காத பிள்ளைகள் இன்று பிழைக்கிறார்கள் என்பது. வாலிபத்துக்கு வருகிறார்கள், பத்தாவது எழுதுகிறார்கள், வேலை தேடுகிறார்கள், அவர்களுக்குக் கல்யாணமும் பேசப்படுகிறது. உடம்பில் முதல் வகை நீரிழிவோ, வலிப்போ, வால்வு பழுதான இதயமோ, ரத்தக் கோளாறோ கூடவே வருகிறது. வரலாற்றிலேயே முதல் முறையாக மலைக்கு இப்படியொரு தலைமுறை கிடைத்திருக்கிறது. அரசுத் திட்டங்களின் வரைபடம் மட்டும் இந்தத் தலைமுறையை இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை.

2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு வண்டியில் பள்ளிக்கே வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. பிறவிக் குறை, இதயக் குறை, வளர்ச்சிக் குறை என்று பிரித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. இந்தத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டமோ வீடு வீடான பரிசோதனையை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் திட்டத்தின் மனக்கண்ணில் இருப்பவர் நடுவயதைத் தாண்டிய பிரஷர், சுகர் நோயாளி. இரண்டுக்கும் நடுவே 12 ஆண்டுகள். படிப்பும் வேலையும் திருமணமும் நடக்கும் ஆண்டுகள் அவைதான்.

அரிவாள் செல் ரத்தசோகைத் திட்டம் ஒன்றுதான் இந்த இடைவெளியைத் தாண்டி நிற்கிறது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த ரத்தக் குறையைக் கண்டார்கள். இந்தியாவில் அது பதிவானது அப்போதுதான். 71 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1-இல், மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. இலக்கு நல்லது. ஆனால் சோதனை முடிவு கையில் கிடைத்த 19 வயதுப் பையன் யாரிடம் போய், “இந்த அட்டையைக் கல்யாணத்துக்கு முன்னாடி காட்டணுமா? பாரம் தூக்குற வேலைக்குப் போகலாமா?” என்று கேட்பான்? சோதனையைத் திட்டமிட்ட மேசையில் அவன் வயதுக்காரர் ஒருவர் இருந்திருந்தால், சோதனைக்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியிருப்பார்கள்.

கோப்புக்குத் தெரியாதது

நோயோடு வாழும் இளைஞருக்குத் தெரிந்தது என்ன? மருத்துவம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். மருந்து எந்த இடத்தில் தடைப்படுகிறது, எந்த இடத்தில் சிகிச்சை அறுந்துபோகிறது என்பது அவருக்குத் தெரியும். டாக்டர் எழுதும் சீட்டில் அது இருக்காது.

மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ் எத்தனை மணிக்கு, கீழே ஓ.பி. சீட்டுக் கொடுப்பது எத்தனை மணியோடு முடிகிறது என்ற இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தவர் அந்த நோயாளிதான். பஸ்காரருக்கு ஓ.பி. தெரியாது, ஆஸ்பத்திரிக்கு பஸ் தெரியாது. சிகிச்சை நாள் பள்ளி நாளில் விழுந்தால் மாதா மாதம் ஒரு நாள் படிப்பு போகிறது. கூட வரும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது.

உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இன்சுலின் வேண்டுமென்றால், அதைக் குளிர்ச்சியாக எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. மின்சாரம் போகும் ஊரில் ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் வைக்கும் முறையை நாட்டின் பல பகுதிகளில் மருத்துவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் விடுதியில் அந்தப் பானைக்கு யார் பொறுப்பு? ஊசி போட்ட பிறகு சாப்பாட்டு மணி அரைமணி தள்ளிப்போனால் பிள்ளை மயங்கி விழுவாள் என்பதை வார்டனிடம் யார் சொல்வது?

ருமாட்டிக் இதய நோய் உள்ளவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வேண்டும். கல்வராயன் மலையின் இளைஞர்கள் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் மிளகு, காபித் தோட்டங்களுக்கு மாதக்கணக்கில் போகிறார்கள். ஊசி வெள்ளிமலையில் இருக்கிறது, கை குடகில் இருக்கிறது. காசநோய் மாத்திரைக்கும் வலிப்பு மாத்திரைக்கும் இதே கதிதான். ‘சிகிச்சையைப் பாதியில் கைவிட்டவர்’ என்று பதிவேடு எழுதிக்கொள்கிறது. அவர் சிகிச்சையைக் கைவிடவில்லை, அரிசி வாங்கப் போயிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பேச்சு இருக்கிறது. “பார்த்தா நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன நோவு?” கை கால் நன்றாக இருக்கும் இளைஞருக்கு உள்ளே நோய் இருப்பதை வீடும் நம்புவதில்லை, ஆசிரியரும் நம்புவதில்லை, சில நேரம் சீட்டு எழுதுபவரும் நம்புவதில்லை. முதியவர் சோர்ந்தால் நோய் என்கிறார்கள், இளையவர் சோர்ந்தால் சோம்பல் என்கிறார்கள்.

ஒரு மாவட்டத்தின் சுகாதாரத் திட்டத்துக்கு இவையெல்லாம் முதல் பக்கத் தகவல்கள். மருந்துக்குக் கொடுத்த பணம் வீணாகாமல் உடம்பில் சேர்வது இவற்றைப் பொறுத்துத்தான்.

கேட்ட இடங்களில் நடந்தது

இளம் நோயாளிகளின் குரலால் என்ன ஆகிவிடும் என்ற சந்தேகத்துக்கு, நம் காலத்திலேயே விடை எழுதிய ஒரு பெண் இருக்கிறார். மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன். 17 வயதில் குடலில் காசநோய், மீண்டு வந்தார். மறுபடியும் நோய் திரும்பியது. அப்போது போட்ட ஊசி மருந்தின் பக்கவிளைவால் 24 வயதில் செவித்திறனை இழந்தார். தென்னாப்பிரிக்காவின் கயலிட்சாவில் ஃபுமேசா டிசிலே என்ற இளம்பெண்ணுக்கும் இதே கதி. காதைக் கெடுக்காத புதிய மாத்திரையான பெடாகுவிலினின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாமல் இருந்தது. மருந்து நிறுவனம் தன் காப்புரிமையை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்கக் கேட்டது. 2019-இல் இந்த இருவரும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2023 மார்ச் 23-இல் அலுவலகம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. அதே ஆண்டு ஜூலையில் மூலக் காப்புரிமையும் காலாவதியாக, இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அந்த மருந்தைச் செய்ய வழி பிறந்தது. காது கேளாத இரண்டு இளம்பெண்கள் பேசியதை உலகமே கேட்க வேண்டியதாயிற்று.

2017-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் சாக்லேட்டும் பழமும் எடுத்துப்போகலாம் என்று அனுமதித்தது. பார்ப்பதற்குச் சின்ன உத்தரவு. கணக்குத் தாளின் நடுவே சர்க்கரை இறங்கி எழுத்து மங்கலாகத் தெரியும் பிள்ளைக்கு அது வாழ்க்கை. அதே 2017-இல் நிறைவேறிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தை நடத்திக்கொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை, 12 வயது நிரம்பியிருந்தால், தன் தம்பி தங்கைக்குப் பள்ளிச் சேர்க்கை, மருத்துவம், வங்கிக் கணக்கு போன்றவற்றில் காப்பாளராக நிற்கலாம் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் தங்கள் வீட்டு நிலைமையை நாடறியப் பேசியிராவிட்டால், 12 வயதுப் பிள்ளை குடும்பம் சுமப்பது சட்டம் எழுதுபவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கென்றே தனிக் கிராம சபை கூட்டும் நடைமுறை இருக்கிறது. பிள்ளைகள் கேட்க, ஊராட்சித் தலைவரும் அதிகாரிகளும் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2014-இலேயே இளைஞர் மன்றம் ஒன்றை அமைத்தது. பிள்ளைகளைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அவர்கள் கருத்தைச் சொல்லவும், அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்கிற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. கல்வராயனுக்காகக் கேட்பது புதிய சலுகை அல்ல, நாடு முன்பே கொடுத்த வாக்கு.

திறந்திருக்கும் கதவுகள்

தமிழ்நாட்டில் கதவுகள் இல்லாமல் இல்லை. உலக வங்கி உதவியோடு 2019-இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டம், மாவட்டச் சுகாதாரப் பேரவைகளையும் மாநிலச் சுகாதாரப் பேரவையையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மக்கள் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் பொதுமக்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, இந்த மாவட்டத்துக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிக்கும் இடம் அது. காசநோய்க்கென மாவட்ட அளவில் அமைக்கப்படும் மன்றங்களில் நோயிலிருந்து மீண்டவர்களுக்கு இடம் உண்டு. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.

ஆனால் கிராம சபையில் வாக்காளர்தான் உறுப்பினர். 18 நிரம்பாதவருக்கு அங்கே குரல் இல்லை. சுகாதாரப் பேரவை பெரும்பாலும் கட்டடம், கருவி, காலிப்பணியிடம் பற்றிப் பேசுகிறது. அவையும் வேண்டும்தான். விடுதியில் இன்சுலின் பானை பற்றி அங்கே எழுந்து பேச ஆள் இல்லை.

2025-இல் இன்னொரு கதவு திறந்தது, பலர் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தத்தை அந்த ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேருக்கு இடம் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. மாற்றுத்திறனாளி என்றதும் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ பழைய 7 வகைகளை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று ரத்தக் கோளாறுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தீராத நரம்பு நோய்களும் இருக்கின்றன. அதே சட்டத்தின் 4 சதவீத வேலை ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் ரத்தக் கோளாறுகள் இல்லை. எந்தப் பிரிவில் யார் விடுபட்டார்கள் என்பதைப் பாதிக்கப்பட்டவர் அவையில் இருந்தால்தான் சுட்டிக்காட்ட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஊராட்சித் தேர்தலில் நிற்கவே 21 வயது போதும். மலையின் ஓர் ஊராட்சியில், ரத்தக் கோளாறோடு வாழும் 22 வயதுப் பெண் நியமன உறுப்பினராக உட்காருவதை எதுவும் தடுக்கக் கூடாது. கள்ளக்குறிச்சி உட்பட 9 மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அடுத்தடுத்து அமையும் மன்றங்களுக்கு ஆள் தேடும்போது, கண்ணுக்குத் தெரியாத நோயோடு வாழும் இளைஞர்களையும் தேட வேண்டும்.

மூன்று மறுப்புகள்

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பது முதல் மறுப்பு. அவர்களிடம் யாரும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கச் சொல்லவில்லை. கிளினிக் எந்தக் கிழமை நடக்க வேண்டும், எத்தனை மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டும், பள்ளியில் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக் கூடாது என்பவற்றில் அவர்களைவிட அனுபவசாலி யார்?

வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், வேலை போகும் என்பது இரண்டாவது. இது உண்மையான அச்சம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆகவே நோயின் பெயரைச் சொல்லாமல் பேசும் உரிமை முதல் விதியாக வேண்டும். எழுதிக் கொடுக்கலாம், குழுவாகப் பேசலாம், மலைக்கு வெளியே சந்திக்கலாம். தன் நோயை ஊர்முன் அவிழ்த்துக் காட்டுவது பங்கேற்பின் விலையாகிவிடக் கூடாது.

மூன்றாவது, இதெல்லாம் கண்துடைப்பாகிவிடும் என்பது. நடக்கக்கூடியதுதான். ஒரு பிள்ளையை மேடையேற்றி, சால்வை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவிடுவது எளிது. அதைத் தடுக்க ஒரே வழி, அவர்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று அதிகாரி வாசிக்க வேண்டும். பதில் வாங்காத பேச்சு பங்கேற்பாகாது.

செய்ய வேண்டியது

கள்ளக்குறிச்சி மாவட்டச் சுகாதாரப் பேரவையில், நீடித்த நோயோடு வாழும் 15 முதல் 29 வயதுக்காரர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒருவரைத் தனியாக உட்காரவைத்தால் வாய் திறக்க மாட்டார்; இரண்டு மூன்று பேராவது வேண்டும், அதில் ஒருவராவது கல்வராயன் மலையிலிருந்து வர வேண்டும். கூட்டங்களில் ஒன்றை மலையிலேயே, வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ விடுமுறை நாளில் நடத்த வேண்டும். வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பஸ் காசும் அன்றையக் கூலியும் கையில் கொடுக்க வேண்டும். கூலியை இழந்துதான் கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் வசதியுள்ளவர்தான் கருத்துச் சொல்வார். சிறார் திட்டத்திலிருந்து 18 வயதில் வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையையும் பெரியவர்களுக்கான சிகிச்சையில் கைப்பிடித்துச் சேர்க்க, மருத்துவக் கல்லூரியில் ஒருவருக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரும் சுகாதார அலுவலரும் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

மலைக்கு ரோடு வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, மருந்தும் வந்தது. மூன்றும் மலைமக்களுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவுகள், நல்ல முடிவுகள். அவற்றால் பிழைத்து வளர்ந்த தலைமுறை இன்று வாயும் அறிவும் அனுபவமுமாக நம் முன் நிற்கிறது. உங்கள் வீட்டில், வகுப்பில், வார்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த கிராம சபைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு வயது போதாதென்றால், அவர் சொல்வதை எழுதிக்கொண்டு போய் அவர் சார்பில் வாசியுங்கள். உயிர் பிழைக்கவைத்த நாம் அவர்கள் கருத்தையும் கேட்கத்தான் வேண்டும்; கேட்காத வரை நம் மருத்துவம் பாதி வேலைதான்.